நடுவானில் என்ஜின் நின்றால் குட்டி விமானம் கல் போல விழுமா? அந்த சில நிமிடங்களில் பைலட் செய்வது என்ன?

தேனி,

புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே அம்மாச்சத்திரத்தில் 2025-ம் ஆண்டு நவம்பர் 13-ந்தேதி திருச்சி-புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் போன வாகன ஓட்டிகள் திகைத்துப் போனார்கள். பஸ்சும் லாரியும் போகிற ரோட்டில் ஒரு குட்டி விமானம் வந்து இறங்கி நின்றது.

சேலத்தில் இருந்து கிளம்பிய செஸ்னா 172 ரக பயிற்சி விமானம் அது. நடுவானில் தொழில்நுட்ப கோளாறு ஏற்பட்டதால் விமானிகள் வேறு வழியின்றி ரோட்டில் இறக்கினார்கள். உள்ளே இருந்த 2 பேரும் உயிர் தப்பினர். ரோட்டில் போன யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

வீடியோ செல்போன்களில் பறந்தது. கூடவே டீக்கடைகளில் ஒரு கேள்வியும் கிளம்பியது. காரில் என்ஜின் நின்றால் ஓரங்கட்டலாம். ஆகாயத்தில் நின்றால் என்ன செய்வது? நம்ம கம்பம் பள்ளத்தாக்கு பக்கம் இப்படி நடந்தால் எங்கே இறக்குவது?

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் குமுளி மலையைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. மாணவர்களின் பயிற்சிக்காக 650 மீட்டர் நீள ஓடுதளம் அமைக்கப்பட்டுள்ளது. 2022-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி அங்கு 2 பேர் மட்டும் உட்காரக்கூடிய 'வைரஸ்' ரக குட்டி விமானம் முதல்முறையாக தரையிறங்கியது. ஆகவே இது நமக்கு சம்பந்தம் இல்லாத சமாச்சாரம் அல்ல.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கல் போல விழாது

என்ஜின் நின்றதும் விமானம் 'தொபுக்கடீர்' என்று விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. விமானத்தை தூக்கிப் பிடிப்பது என்ஜின் அல்ல, இறக்கைதான். இறக்கை மீது காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் வரை விமானம் மிதக்கும். அந்த வேகத்தை கொடுப்பதுதான் என்ஜினின் வேலை.

என்ஜின் நின்றுவிட்டால் வேகத்துக்கு எங்கே போவது? உயரத்தை செலவு செய்துதான் வேகத்தை வாங்க வேண்டும். குமுளி மலைப்பாதையில் இருந்து லோயர் கேம்ப்புக்கு சைக்கிளில் இறங்குபவர் பெடலை மிதிப்பது இல்லை. சரிவே சைக்கிளை தள்ளிக்கொண்டு போகும். அதே கணக்குதான். விமானத்தின் மூக்கை கொஞ்சம் கீழே சாய்த்தால், அது காற்றில் சரிவு இறங்குவது போல சறுக்கிக்கொண்டே போகும்.

எவ்வளவு தூரம் போகும்?

செஸ்னா 172 விமானம் என்ஜின் இல்லாமல், ஒரு அடி கீழே இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே போகும். அதாவது ஆயிரம் அடி உயரம் கையில் இருந்தால் ஏறக்குறைய 2¾ கிலோ மீட்டர் போகலாம். 5 ஆயிரம் அடி உயரம் இருந்தால் 13 கிலோ மீட்டருக்கு மேல் போகலாம். தேனிக்கும் போடிக்கும் இடையே உள்ள தூரத்தை நெருங்கிவிடும்.

நேரம்? ஆயிரம் அடிக்கு ஒன்றேகால் நிமிடம் போல கிடைக்கும். 5 ஆயிரம் அடிக்கு 6 நிமிடத்துக்கு மேல். அந்த 6 நிமிடத்தில்தான் எல்லாமே.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விமானத்தில் உள்ள உயரமானி கடல் மட்டத்தில் இருந்துதான் உயரத்தை காட்டும். தேனி நகரமே கடல் மட்டத்தில் இருந்து சுமார் ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கம்பம் அதைவிட மேடு. உயரமானி 3 ஆயிரம் அடி என்று காட்டினாலும் தரைக்கு மேல் கையில் இருப்பது 2 ஆயிரம் அடிக்கும் குறைவுதான்.

முதல் வேலை: மூக்கை இறக்கு

என்ஜின் நின்றதும் மனிதனின் இயல்பான பயம் என்ன செய்யும்? கீழே போகிறோமே என்று ஸ்டியரிங்கை தன் பக்கம் இழுத்து மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். அதுதான் எமன்.

மூக்கை தூக்கினால் வேகம் குறையும். வேகம் ஓரளவுக்கு கீழே போனால் இறக்கைக்கு தூக்கும் சக்தி போய்விடும். இதை 'ஸ்டால்' என்கிறார்கள். தரைக்கு அருகே ஸ்டால் ஆகி, ஒரு பக்கமாக சாய்ந்து சுழல ஆரம்பித்தால் பிறகு எந்த பைலட்டாலும் நிமிர்த்த முடியாது. என்ஜின் நின்றும் தப்பிக்க வேண்டியவர்கள் உயிரை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே பைலட் செய்யும் முதல் வேலை மூக்கை கீழே இறக்கி, குறிப்பிட்ட வேகத்தை பிடிப்பது. செஸ்னா 172 விமானத்துக்கு அது மணிக்கு சுமார் 120 கிலோ மீட்டர். அதிகமாகவும் கூடாது, குறையவும் கூடாது. மற்ற வேலை எல்லாம் அப்புறம்தான்.

விமான பயிற்சி பள்ளிகளில் முதல் நாளில் இருந்தே சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுதான்: முதலில் ஓட்டு, அடுத்து வழியைப் பார், கடைசியாக பேசு. இந்த வரிசை மாறினால் ஆபத்து.

கிளம்பிய உடனே நின்றால்?

ஓடுதளத்தில் இருந்து எழும்பிய சில வினாடிகளில் என்ஜின் நின்றால், திரும்பி வந்து அதே ஓடுதளத்தில் இறங்கலாம் என்ற ஆசை வரும். உயரம் குறைவாக இருக்கும்போது திரும்பக்கூடாது என்கிறது பயிற்சி. திரும்பும்போது உயரம் வேகமாக கரையும், ஸ்டால் ஆகும் அபாயமும் கூடும். நேர் எதிரே கொஞ்சம் இடது, வலதுக்குள் எந்த இடம் கிடைக்கிறதோ அங்கே இறக்குவதே உத்தமம்.

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே இறக்குவது?

மேலே இருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க பச்சைப் பசேல் என்று பாய் விரித்தது போல தெரியும். ஆனால் எல்லா பச்சையும் ஒன்றல்ல.

திராட்சை தோட்டம்: சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திராட்சை பந்தல்கள் தட்டையாக, மெத்தை போல தெரியும். ஆனால் இலைக்கு கீழே கல்தூண்களும் கம்பிகளும்தான். விமானத்தை கிழித்துவிடும்.

தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம்: தென்னை மரம் இறக்கையை பிய்த்து எறியும். வாழை அதைவிட தேவலை. ஆனாலும் வெட்டவெளி கிடைத்தால் அதுவே நல்லது.

நெல் வயல்: முல்லைப்பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14 ஆயிரத்து 707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. அறுவடை முடிந்து காய்ந்த வயல் என்றால் நல்ல இடம். நாற்று நட்டு தண்ணீர் கட்டிய வயல் என்றால் முன் சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புற கவிழும். வரப்பு குறுக்கே வந்தாலும் சக்கரம் தட்டும். வரப்பு போகிற போக்கிலேயே இறக்க வேண்டும்.

ரோடு: திண்டுக்கல்-குமுளி நெடுஞ்சாலை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் செஸ்னாவின் இறக்கை இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு 36 அடி. ரோட்டோர புளிய மரமும் கரண்டு கம்பமும் விடாது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் வாகனங்கள் வேறு வரிசை கட்டி நிற்கும்.

மின்கம்பி: மேலே இருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்கு தெரியாது, கம்பம்தான் தெரியும். இரண்டு கம்பங்களைப் பார்த்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மின் நிலையம் உள்ள லோயர் கேம்ப் பக்கம் உயர் அழுத்த கம்பிகள் அதிகம்.

காற்றை எதிர்த்து இறங்கு

காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. பைலட்டுக்கும் காற்றின் திசை முக்கியம். எந்தப் பக்கம் இருந்து காற்று வருகிறதோ அதை எதிர்த்து இறங்க வேண்டும்.

உதாரணத்துக்கு, இறங்கும்போது விமானத்தின் வேகம் மணிக்கு 90 கிலோ மீட்டர், எதிர்க்காற்று 20 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையில் விமானத்தின் வேகம் 70 தான். அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் 110 ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் மோதும் சக்தி ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடிவிடும். உயிர் பிழைப்பதும் போவதும் இந்த கணக்கில்தான்.

தேனி மாவட்டத்தில் தென்மேற்கு பருவக்காற்று காலத்தில் கணவாய் வழியாக வரும் காற்றை பற்றி சொல்லவே வேண்டாம். ஆண்டிப்பட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதே அதனால்தான். தடுப்பணையை தாண்டி விழும் தண்ணீர் மாதிரி, மேற்கு மலையை தாண்டி வரும் காற்று இந்தப் பக்கம் கீழ்நோக்கி பாயும். அதில் சிக்கும் குட்டி விமானம் கணக்கு போட்டதைவிட வேகமாக கீழே தள்ளப்படும். ஆகவே மலை ஓரத்தைவிட்டு பள்ளத்தாக்கின் நடுப்பக்கம் போவதே பாதுகாப்பு.

பெட்ரோல் டேப்பை பார்த்தாயா?

வேகத்தை பிடித்து, இடத்தையும் தேர்வு செய்தாகிவிட்டது. இப்போதுதான் என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய முயற்சி நடக்கும்.

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு தெரியும். வண்டி திடீரென நின்றால் முதலில் பெட்ரோல் டேப்பை 'ரிசர்வ்'க்கு திருப்புவார்கள். விமானத்திலும் அதே மாதிரி டேப் உண்டு. செஸ்னாவில் இரண்டு இறக்கையிலும் டேங்க் இருக்கிறது. இடது, வலது, இரண்டும் என்று திருப்பலாம். ஒரு டேங்க் காலியாகி இன்னொன்றில் பெட்ரோல் இருக்கும்போதே என்ஜின் நின்று விபத்தில் முடிந்த சம்பவங்கள் விமான உலகத்தில் உண்டு.

இன்னொரு வில்லன் ஐஸ். கார்புரேட்டர் உள்ள விமானங்களில், ஈரப்பதம் அதிகம் இருந்தால் வெயில் நாளில்கூட கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும். அதுவும் தரையிறங்குவதற்காக என்ஜின் வேகத்தை குறைத்து வரும்போதுதான் அதிகம் கட்டும். பைலட் மறுபடி வேகம் கேட்கும்போது என்ஜின் இருமிவிட்டு நின்றுவிடும். இதற்காகவே சூடான காற்றை உள்ளே விடும் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால் பல நேரம் என்ஜினுக்கு உயிர் வந்துவிடும்.

மேடே, மேடே, மேடே

அடுத்து ரேடியோ. ஆபத்து என்பதை அறிவிக்க 'மேடே' என்று 3 முறை சொல்ல வேண்டும். எனக்கு உதவுங்கள் என்ற பொருள் கொண்ட பிரெஞ்சு சொல்லில் இருந்து வந்தது இது. பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையில் பதில் இல்லை என்றால் அவசர அலைவரிசையான 121.5 மெகா ஹெர்ட்சில் பேசலாம். விமானத்தில் உள்ள கருவியில் 7700 என்ற எண்ணை வைத்தால் ரேடார் திரையில் ஆபத்து அடையாளம் தெரியும்.

ஆனால் இந்த ரேடியோ அலை நேர்கோட்டில்தான் போகும். மலை மறைத்தால் கேட்காது. பதில் வரவில்லையே என்று மைக்கை பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருப்பவர் விமானத்தை கோட்டைவிடுவார்.

பல்பை பார்த்தார்கள், உயரத்தை பார்க்கவில்லை

என்ஜின் கோளாறைவிட பெரிய எதிரி ஒன்று உண்டு. அதுதான் கவனச்சிதறல். நல்ல என்ஜின் உள்ள பெரிய விமானங்களையே அது சாய்த்திருக்கிறது.

1972-ம் ஆண்டு டிசம்பர் 29-ந்தேதி இரவு. அமெரிக்காவில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 176 பேருடன் மியாமி நகரில் இறங்க வந்தது. முன் சக்கரம் இறங்கிவிட்டதை காட்டும் விளக்கு எரியவில்லை. விமானிகள் அந்த பல்பை கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். இடையில் விமானத்தை ஒரே உயரத்தில் வைத்திருக்கும் தானியங்கி விலகியது. விமானம் மெல்ல மெல்ல இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் பலியானார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. கெட்டுப்போனது பல்பு மட்டும்தான்.

1974-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம் சார்லட் நகரில் மூடுபனியில் இறங்க வந்தது. விமானிகள் அரசியல், பழைய கார் விற்பனை என்று ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. உயரம் குறைந்ததை கவனிக்காமல் மோதியதில் 82 பேரில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இதன்பிறகுதான் 1981-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. பயணிகள் விமானங்களில் 10 ஆயிரம் அடிக்கு கீழே ஏறும்போதும் இறங்கும்போதும் விமானி அறையில் வேலைக்கு தேவையில்லாத பேச்சே கூடாது.

செல்போனும் விடவில்லை. 2010-ம் ஆண்டு மே மாதம் ஜெட்ஸ்டார் நிறுவனத்தின் விமானம் சிங்கப்பூரில் இறங்கும்போது கேப்டனின் செல்போனில் மெசேஜ் வந்து ஒலித்துக்கொண்டே இருந்தது. அதை அணைக்கும் மும்முரத்தில் சக்கரத்தை உரிய நேரத்தில் இறக்கவில்லை. 400 அடிக்கும் கீழே வந்த பிறகு விமானத்தை மறுபடி மேலே தூக்கி, சுற்றி வந்து பத்திரமாக இறக்கினார்கள்.

குட்டி விமானத்தில் அடிக்கடி நடப்பது கதவு சமாச்சாரம். பறக்கும்போது கதவு 'படார்' என்று திறந்துகொள்ளும். காற்று இரைச்சல் காதை அடைக்கும். ஆனால் பெரும்பாலான குட்டி விமானங்கள் கதவு திறந்தாலும் பறக்கும். கதவை சாத்த எட்டிச் சாய்ந்த பைலட், விமானத்தை கைவிட்டு விபத்தில் சிக்குவதுதான் வேதனை.

ஒரே ஒரு சான்ஸ்

இறங்கும் நேரத்தில் பைலட்டுக்கு வேகம், உயரம், திசை, காற்று, ஓடுதளம் என்று 5 வேலை ஒன்றாக இருக்கும். என்ஜின் ஓடினால் தப்புக்கு மாற்று உண்டு. சரியாக அமையவில்லை என்றால் முழு வேகம் கொடுத்து மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி இறங்கலாம். சத்திரம் ஓடுதளத்திலேயே 2022 ஏப்ரலில் எதிரே இருந்த மண்மேடு காரணமாக இறங்கும் முயற்சியை கைவிட்டு திரும்பினார்கள். மேட்டை குறைத்த பிறகுதான் டிசம்பரில் இறக்கினார்கள். திரும்பிப் போவது தோல்வி அல்ல, புத்திசாலித்தனம்.

என்ஜின் நின்ற விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒரே சான்ஸ். அதனால்தான் கடைசி ஆயிரம் அடிக்கு வந்த பிறகு ஸ்டார்ட் செய்யும் முயற்சியை விட்டுவிட்டு, இறக்குவதில் மட்டும் கவனம் வைக்க வேண்டும் என்கிறார்கள். இதோ ஸ்டார்ட் ஆகிவிடும், இதோ ஆகிவிடும் என்று சாவியை திருகிக்கொண்டே இருப்பதும் கவனச்சிதறல்தான்.

தரையை தொடும் முன்பு பெட்ரோலை அடைக்க வேண்டும். என்ஜின் சுவிட்ச், பேட்டரி சுவிட்ச் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். சீட் பெல்ட்டை இறுக்க வேண்டும். மோதலில் கதவு நெளிந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க முன்கூட்டியே தாழ்ப்பாளை திறந்துவிட வேண்டும். பிறகு எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, இறக்கை சமமாக இருக்கும்படி தரையை தொட வேண்டும். விமானம் நொறுங்கினாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பவர்கள் நடந்து வெளியே வந்தால் அதுவே வெற்றி.

உங்கள் ஊரில் இறங்கினால்?

ரோட்டிலோ வயலிலோ விமானம் இறங்கினால் பொதுமக்கள் கவனிக்க வேண்டியவை:-

* உடனே 112-க்கு போன் செய்யுங்கள். தீயணைப்பு படைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

* பீடி, சிகரெட் பற்ற வைக்காதீர்கள். இறக்கையில் இருப்பது பெட்ரோல். நீல நிறத்தில் ஏதாவது ஒழுகினால் அது விமான பெட்ரோலாக இருக்கலாம். தள்ளி நில்லுங்கள்.

* மூக்கில் உள்ள விசிறி நின்றுவிட்டதே என்று கை வைக்காதீர்கள். சுவிட்ச் அணைக்காமல் இருந்தால் லேசாக அசைத்தாலும் உதறி சுற்றும். செல்பிக்காக அருகே போகவே கூடாது.

* காயம் பட்டவர்களை மீட்கலாம். ஆனால் உடைந்த பாகங்களை நகர்த்தவோ, ஞாபகத்துக்கு என்று எடுத்துச் செல்லவோ கூடாது. என்ஜின் ஏன் நின்றது என்பதை அதிகாரிகள் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

* ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டிகளை தூரத்திலேயே நிறுத்துங்கள். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வர வழிவிடுங்கள்.

விமானம் ஓட்டுபவருக்கு மட்டும் உள்ள பாடம் அல்ல இது. குமுளி மலைப்பாதையிலும் போடிமெட்டு வளைவுகளிலும் பஸ், ஜீப் ஓட்டுபவர்களுக்கும் இதுவே பாடம். வண்டியில் என்ன கோளாறு வந்தாலும், செல்போன் எத்தனை முறை அடித்தாலும், முதலில் வண்டியை ஓட்டு. மற்றது எல்லாம் அப்புறம்.